பருவத் தேர்வு நாட்களில் பிள்ளைக்குத் துணை



சமூகக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் பருவ இறுதி நாட்களில் படும் பாட்டைப் பற்றியும், அந்நாட்களில் அவர்களுக்குக் கல்லூரியிலும் வீட்டிலும் கிடைக்க வேண்டிய துணையைப் பற்றியும் இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். 'கோலேஜ் கொமுனிட்டி' என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அந்தக் கல்லூரியைத்தான் குறிப்பிடுகிறேன்.

நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு எங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால், தோட்டத்தில் 'டீச்சர்' என்கிற உறவு ஆறாம் ஆண்டோடு அறுந்துவிடுவதில்லை. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும், உபகாரச் சம்பளப் பாரம் நிரப்ப வேண்டும் என்றாலும், பெற்றோர்கள் எங்களிடம்தான் வருவார்கள். அப்படி என்னிடம் வராமல் போன ஒரு கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளி முடிந்து, திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத்து முகப்பில், பேருந்து நிற்கும் கொட்டகையில் என் பழைய மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு சமூகக் கல்லூரியில் மின்னியல் படித்துக்கொண்டிருந்தவள், விடுதியில் தங்கியிருந்தவள். "என்னம்மா, இன்றைக்கு வகுப்பு இல்லையா?" என்று கேட்டேன். "சும்மாதான் டீச்சர் வந்தேன்" என்றாள். முகம் வாடியிருந்தது. "சோதனை வருதில்ல, நல்லாப் படி. தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். எனக்கு அன்று அவசரம்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய தாயாரைக் கோயிலில் கண்டேன். "அது படிப்ப நிப்பாட்டிடுச்சு டீச்சர். காலேஜ்ல வேணாம்னு கடிதாசி குடுத்துட்டாங்களாம்" என்றார். அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். நேயர்களே, அது கல்லூரியைவிட்டு நீக்கும் கடிதம் அன்று. 'சூராட் அமாரான்', அதாவது எச்சரிக்கைக் கடிதம். தாயார் காய்ச்சலில் கிடந்தபோது உடனிருந்து பார்த்ததில் நான்கு செய்முறை வகுப்புகளுக்கு அவள் போகவில்லை. காரணத்தைக் கூற விரிவுரையாளரை வந்து பார்க்கவும் என்றுதான் அக்கடிதம் கேட்டிருந்தது. வா என்று அழைத்த கடிதத்தை, போ என்று விரட்டிய கடிதமாக அவள் எடுத்துக்கொண்டாள். நான் கொட்டகையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "பையில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் போதும். தைரியமாக இரு என்றேன். தைரியம் எதற்குத் தேவைப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த உரையைத் தயாரித்தேன். என் தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

நேயர்களே, நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றன. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டவை இயங்கி வருகின்றன. இவை உயர்கல்வி அமைச்சின் பொறுப்பில் உள்ளவை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் மின்னியல், வாகனப் பராமரிப்பு, கணினி, சமையற்கலை, ரொட்டி கேக் தயாரிப்பு, ஆடை வடிவமைப்பு முதலிய துறைகளில் சான்றிதழ் பெறலாம். சான்றிதழ் பெற்றவர் பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. வயது வந்தவர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. ஏட்டுப் படிப்பில் சிறந்து விளங்காத பிள்ளைக்கும், கைத்திறன் உள்ள பிள்ளைக்கும் இது ஒரு நல்ல வாசல். 'பெரிய காலேஜ் கிடைக்காதவன் போகிற இடம்' என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைப் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு நாட்களில் அந்த ஒரு சொல்லே பெரும் சுமையாகிவிடும்.

இனி, பருவ இறுதியில் கல்லூரி வளாகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரே சமயத்தில் பல வேலைகள் வந்து குவிகின்றன. செய்முறைப் பணிகளை முடித்து ஒப்படைக்க வேண்டும். குழுவாகச் செய்த வேலைக்கு அறிக்கை எழுத வேண்டும். வருகைக் கணக்கு சரிபார்க்கப்படும். பொதுவாக 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வில் அமர்வது சிக்கலாகிவிடும். தேர்வு அட்டவணை ஒட்டப்படும். விடுதியை என்று காலி செய்வது, தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனத்திற்குப் போவது என்கிற கவலைகளும் சேர்ந்துகொள்ளும். இத்தனை செய்திகளும் அறிவிப்புப் பலகையிலும், வகுப்பு வாட்சாப் குழுவிலும், கடிதத்திலும், மலாய் மொழியில் வருகின்றன. நூறு செய்திகளுக்கு நடுவே வேண்டிய ஒரு செய்தி நழுவிப் போவது வியப்பன்று.

இன்றைய பிள்ளைகளுக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. நாம் படித்த காலத்தில் ஆறாம் ஆண்டில் ஒரு பெரிய சோதனை, மூன்றாம் படிவத்தில் ஒரு பெரிய சோதனை எழுதிப் பழகினோம். பெருந்தொற்றின் காரணமாக 2020-இல் யூ.பி.எஸ்.ஆர். சோதனை நடைபெறவில்லை, 2021-இல் அது அடியோடு எடுக்கப்பட்டது. 2022-இல் பி.டி.3 சோதனையும் எடுக்கப்பட்டது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால், 2008-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் பிறந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய பொதுத்தேர்வு. அதற்கு முன் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடியிருந்தபோது, ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கையோடு பங்கிட்டுக்கொண்டு, அலை கிடைக்கும் இடம் தேடிக் கோயில் மேட்டில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளை நான் அறிவேன். தேர்வு மண்டபத்தின் அமைதியே அவர்களுக்குப் புதிது. 'எங்க காலத்துல நாங்க பயந்தோமா?' என்று கேட்பதற்கு முன் இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அச்சம் முழுவதும் தீமையானது என்று சொல்ல மாட்டேன். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கடினமான பாடத்தைக் கற்கும் எலிக்குத் தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்காது. மிக அதிகமானாலும் தடுமாறும். நடுத்தரமாக இருந்தால்தான் விரைவில் கற்கும் என்று கண்டார்கள். பின்னால் வந்தவர்கள் இதை மனிதர்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். நம் வீட்டு அடுப்பைப் பாருங்கள். தீ குறைந்தால் சோறு வேகாது. தீ மிகுந்தால் அடி பிடிக்கும். சற்றே பரபரப்பாக இருக்கும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அடி பிடிக்கிற வாசனை வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்த வாசனை எது? எப்போதும் பேசுகிற பிள்ளை பேசாமல் இருப்பது, சாப்பாட்டைத் தள்ளிவைப்பது, இரவு முழுவதும் விழித்திருந்து பகலில் தூங்குவது, காரணமின்றி வயிற்றுவலி, தலைவலி என்பது, வகுப்பு நாளில் வீட்டுக்கு வந்து நிற்பது, 'சும்மாதான் வந்தேன்' என்று சொல்வது. இவற்றுள் ஒன்றிரண்டு தென்பட்டால் உடனே மருள வேண்டியதில்லை. ஆனால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, படிக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி மூன்று நாளில் விடிய விடியப் படிப்பது நம் பிள்ளைகளிடம் பரவலாக உள்ள பழக்கம். இதைப் பால்மரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் தோட்டத்துப் பிள்ளைக்கு உடனே புரியும். மரத்தை நாள்விட்டு நாள் வெட்டுவது ஏன்? நாள் தவறாமல் வெட்டிக்கொண்டே போனால் பட்டை காய்ந்து, பால் நின்றுவிடும். மரத்திற்கு ஓய்வு வேண்டும். மூளையும் அப்படித்தான். 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்ததை வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே மறதி வேகமாக நடக்கிறது, இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் நன்றாக நிலைக்கிறது என்று கண்டார். ஆகவே, ஒரு பாடத்தை ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, ஐந்து நாளில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல். படித்ததை நினைவில் பதிய வைப்பதும் தூக்கத்தின் வேலைகளுள் ஒன்று. இந்த வயதுப் பிள்ளைக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். இரவு பத்து மணிக்குக் குடித்த கோப்பியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். சிலருக்கு அதைவிட அதிகமாகவும் இருக்கும். கோப்பியைப் பகலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி, கல்லூரியில் கிடைக்கும் துணைக்கு வருகிறேன். இது பல பெற்றோர்களுக்குத் தெரிவதில்லை; பிள்ளைகளுக்குத் தெரிந்தாலும் போய்க் கேட்கக் கூச்சம்.

முதலாவது, விரிவுரையாளர். மாணவர்களின் படிப்பைக் கவனிக்கக் கல்விசார் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் பொறுப்பில் இருப்பார். வருகை குறைந்தாலும், பணி முடியாவிட்டாலும் முதலில் பார்க்க வேண்டியவர் அவரே. தேர்வு நாளுக்கு முன் போனால் பல வழிகள் திறந்திருக்கும். தேர்வு முடிந்தபின் போனால் பெரும்பாலும் அவரும் கையைத்தான் விரிப்பார். உடல் நலமில்லை என்றால் மருத்துவரிடம் 'எம்.சி.' வாங்கி, அன்றே தகவல் தெரிவிக்க வேண்டும். சட்டைப் பையில் கிடக்கும் எம்.சி. யாருக்கும் பயன்படாது.

இரண்டாவது, மாணவர் நலப் பிரிவு. கட்டணம், விடுதி, உதவித்தொகை தொடர்பான சிக்கல்களை இங்கே கேட்கலாம். வீட்டில் பணமுடை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. கேட்ட பிறகு இல்லை என்றால் ஒரு வருத்தம்தான். கேளாமலே போனால் வாய்ப்பே போய்விடும்.

மூன்றாவது, ஆலோசகர். 'கவுன்சிலரைப் பார்க்கப் போனால் பைத்தியம் என்று சொல்வார்கள்' என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. காலில் முள் குத்தினால் எடுக்கத் தெரிந்தவரிடம் காலை நீட்டுகிறோம். மனத்தில் குத்தினால் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? நம் நாட்டில் ஆலோசகர்களுக்கென்று 1998-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பதிவு பெற்றவர்தான் ஆலோசகர் என்ற பெயரில் தொழில் செய்யலாம். சொன்னதை இரகசியமாகக் காப்பது அவருடைய தொழில் நெறி. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில்தான் அது விலகும்.

சில வேளைகளில் சுமை அளவுக்கு மீறிப் போய்விடும். 'நான் இல்லாமல் போனால் யாருக்கும் கஷ்டமில்லை' என்பதுபோல் ஒரு பிள்ளை பேசினால், அதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அதட்டவும் வேண்டாம். 'உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாயா?' என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி பிறக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள களைக்கொல்லி மருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள். அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து முன்பெல்லாம் மறைத்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, உதவி கேட்கப் பயப்பட வேண்டாம்.

எண்களைச் சொல்கிறேன், காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் தொண்டாற்றி வரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. 'தாலியான் காசே' எண் 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. மறுபடியும் சொல்கிறேன்: 03-7627 2929, 15555, 15999, அவசரத்திற்கு 999. இவற்றை எழுதி, விளக்குச் சுவிட்சின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, வீட்டில் நாம் செய்யக்கூடியவை. பெற்றோருக்கு மின்னியலும் கணினியும் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாயும் இந்த மூன்று காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று, மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டியைப் பிள்ளையின் கையில் தந்து, 'உன் தேதிகளை இதில் வட்டம் போடு' என்று சொல்லுங்கள். பணி ஒப்படைக்கும் நாள், தேர்வு நாள், விடுதி காலி செய்யும் நாள் எல்லாம் சுவரில் தெரியட்டும். அந்த வாரங்களில் பிள்ளையை உறவினர் கல்யாணத்திற்கும் கடை வேலைக்கும் கூப்பிடாதீர்கள். 'அம்மாவுக்கு முடியல, ஓடி வா' என்று அழைக்கும் முன், அந்த வட்டத்தை ஒரு முறை பாருங்கள். அழைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கல்லூரிக்குத் தகவல் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு, தொலைபேசியில் 'படிச்சியா?' என்று முதலில் கேட்காதீர்கள். 'பசியாறினியா? என்ன சாப்பிட்ட?' என்று கேளுங்கள். விடுதியில் மூன்று நாளாக மேகி மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். பிறகு, 'இந்த வாரத்துல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தைப் புத்திமதியால் நிரப்பிவிடாதீர்கள்.

மூன்று, கடிதம் எது வந்தாலும் தனியே வைத்துக் கலங்காமல், தெரிந்த ஒருவரோடு சேர்ந்து படிக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். கோயில் தலைவராக இருக்கலாம். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஆறாம் ஆண்டோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பழைய மாணவன் ஒருவன் சாலையில் நின்றால், இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்டுவிட்டுப் போவோம்.

பால்வெட்டுத் தொழிலில் காண்டா தூக்கிய பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். தோளில் கம்பு, இரு முனையிலும் பால் வாளி. பாரம் அதிகமானால் நடக்க முடியாது என்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் கனத்தால்தான் நடை கோணும், பாலும் சிந்தும். தேர்வு நாட்களில் பிள்ளையின் சுமையை நாம் வாங்கித் தூக்க முடியாது. சோதனையை அவர்கள்தான் எழுத வேண்டும். ஆனால், மறு முனையில் நம்முடைய துணை இருந்தால், அவர்கள் நிமிர்ந்து நடப்பார்கள்.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவளோடு நான் கல்லூரிக்குப் போனபோது அந்தப் பருவத் தேர்வு முடிந்துவிட்டிருந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால், அதற்குள் அவள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. கைக்கு வரவேண்டிய ஒரு சான்றிதழ் அந்த நான்கு வகுப்புகளில் போய்விட்டது. இப்போது அவளுடைய தம்பி ஒரு சமூகக் கல்லூரியில் வாகனப் பராமரிப்பு படிக்கிறான். அவனுக்குக் கடிதம் வந்தால், அக்காள்தான் முதலில் வாங்கிப் படிக்கிறாள். புரியாத வரி இருந்தால், வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். "டீச்சர், இதுக்கு என்னா அர்த்தம்னு கொஞ்சம் பாருங்க" என்கிறாள். நான் இப்போது அவசரம் என்று சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.